என் அண்ணனின் கதையை இரண்டு முறை சொன்னேன்

1

போன மாசியில் எனக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்தது. டாக்டரைப் பார்க்க நினைத்தேன். இந்த நாட்டில் நினைத்தவுடன் டாக்டரைப் பார்த்துவிட முடியாது. முதலில் போனில் ஒரு பெண் விசாரிப்பாள். பிறகு கம்ப்யூட்டரில் அதே கேள்விகளுக்கு மறுபடியும் பதில் எழுத வேண்டும். சில வாரம் கழித்து ஒரு நர்ஸ் கூப்பிட்டு உட்கார வைத்து மூன்றாவது தடவையாக அவற்றையே கேட்பாள். நானும் நர்ஸ்தான். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், மீன்பிடிப் படகுகள் நிற்கிற ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லமொன்றில் வேலை பார்க்கிறேன். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கேள்வி கேட்கும் பக்கத்திலேயே இருந்து பழகியவளுக்கு, பதில் சொல்லும் பக்கத்தில் உட்காரும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

"அப்பாவுக்கு இதய நோய் இருந்ததா?"

"மாரடைப்பில்தான் போனார்."

"உடன்பிறந்தவர்கள்?"

"ஒரு அண்ணன்."

"அவருக்கு இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவன் காணாமல் போய்விட்டான் என்று சொல்ல நினைத்தேன். 'ஹி இஸ் மிஸ்ஸிங்' என்றிருந்தால் முடிந்திருக்கும். பதற்றத்தில் 'ஐ மிஸ் மை பிரதர்' என்று வாயில் வந்துவிட்டது. அவள் முகம் இளகிப்போனது.

"அப்படித்தான் இருக்கும். நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அடிக்கடி போன் பண்ணுங்கள்" என்றாள்.

நான் திருத்தவில்லை. அவள் விசைப்பலகையில் ஏதோ தட்டினாள். என் அண்ணன் மாரிச்சாமிக்கு நோய் நொடி எதுவும் இல்லை என்று இந்த நாட்டு அரசாங்கத்திடம் பதிவாகிவிட்டது.

மறுநாள் வேலையில் டீ குடிக்கும்போது இதை மொய்ராவிடம் சொன்னேன். எங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்குப் பாட்டும் விளையாட்டும் நடத்துகிறவள் அவள். அறுபது வயது இருக்கும். ஒரு அறையில் சிரித்தால் மூன்று அறைக்குக் கேட்கும். அவள் சிரிப்பாள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உன் அண்ணனுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டாள். ஒன்பது வருடத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

2

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்து மண்ணைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் இருந்தது. மழை பெய்தால் உளுந்தும் பருத்தியும் போடுவோம். பெய்யாத வருடங்களில் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிக் குச்சியடுக்கப் போய்விடுவாள். பெய்கிற வருடங்களிலும் முக்கால்வாசி நாள் அந்த வண்டியில்தான் போனாள்.

அண்ணன் போனது மழை பெய்த வருடத்தில். அதுதான் இன்றுவரை யாருக்கும் விளங்காதது. அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. ரொம்ப நாள் ஏமாற்றிவிட்டுப் புரட்டாசிக் கடைசியில் ஒரு ராத்திரி முழுக்க நின்று பெய்தது. காலையில் ஊரே விதைப்புக்கு ஓடியது. அப்பாகூட அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தார். வீட்டில் சண்டை இல்லை. அவன் பின்னால் எந்தப் பெண்ணும் இல்லை. கடன் இல்லை, பரீட்சை இல்லை. அம்மா கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு, வெங்காயம் கடித்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "செத்த ரோடு வரைக்கும் போயிட்டு வாரேம்மா" என்று சொன்னான்.

நனைந்த கரிசலில் நடப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போயிருக்கிறான். சாயங்காலம் தேடிப் போனபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் தொடங்கி, வரப்போரமாகத் தார் ரோடு வரைக்கும் அவன் கால்தடம் பதிந்திருந்தது. ஒவ்வொன்றும் ஆழமாக, ஐந்து விரலும் தெரிகிற மாதிரி. ரோட்டில் ஏறியதும் ரெண்டு மூணு அடி தூரத்துக்கு மண் உதிர்ந்து கிடந்தது. அதற்கப்புறம் எதுவும் இல்லை. அந்த வருடம் பிறகு மழை இல்லை. தடங்கள் காய்ந்து கல்லாகிவிட்டன. தையில் நிலம் வெடித்தபோது அவற்றின் ஊடேயும் வெடித்து, எது தடம் எது வெடிப்பு என்று தெரியாமல் போனது.

அவனைக் கடைசியாகப் பார்த்தவர் எங்கள் ஊர் அருணாசல அண்ணாச்சி. மணியாச்சி ரயில் ஜங்ஷனில் தண்டவாள வேலை பார்த்தார். பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "ஏலே மாரி, இங்கன என்னலே சோலி?" என்று கேட்டிருக்கிறார். "சும்மாதான் அண்ணாச்சி" என்றிருக்கிறான். அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஆள் இல்லை.

மணியாச்சியில் நிற்கிறவன் தூத்துக்குடி போகலாம், திருநெல்வேலி போகலாம், மதுரை தாண்டி மெட்ராஸோ பம்பாயோ போகலாம். எந்தப் பக்கம் என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. போலீஸில் சொன்னபோது, "வயசுப் பய, ரெண்டு நாளில வந்துருவான்" என்றார்கள். வருடம் இருபத்தாறு ஆகிறது.

அப்பா செத்த பிறகு நிலத்தை விற்கலாம் என்று பார்த்தோம். மகன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ரேஷன் கார்டை மாற்றப் போன இடத்தில், "ஆளக் கூட்டிட்டு வாங்க, இல்லன்னா இறப்புச் சான்றிதழ் கொண்டாங்க" என்றார்கள். கோர்ட்டில் மனு போட்டு அவன் இறந்துவிட்டதாகத் தீர்ப்பு வாங்கிவிட்டால் எல்லாம் சுலபமாக முடியும் என்று ஒரு வக்கீல் வழி சொன்னார். அம்மா அவருடைய மேஜையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். நிலத்தில் இப்போது வேலிக்கருவை நிற்கிறது.

3

மொய்ரா மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு நிகழ்ச்சி நடத்துகிறாள். துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற மதுக்கடையின் மாடியில் சாயங்காலம் ஐம்பது அறுபது பேர் கூடுவார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். நடந்ததாக இருக்க வேண்டும். சொல்கிறவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. நேரம் மீறினால் மொய்ரா ஒரு சின்ன மணியைத் தட்டுவாள். மாதத்துக்கு ஒரு தலைப்பு. அந்த மாதத் தலைப்பு 'கிளம்பிப் போவது'.

"நீ உன் அண்ணனைப் பற்றிச் சொல்" என்றாள்.

எனக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் மீன் கம்பெனியில் இரவு ஷிப்ட். "ஒனக்குத் தோணுனா செய்யி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். மொய்ராவிடம் ஒரு தடவை முழுக்கச் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"கடைசியில் என்ன ஆயிற்று?"

"எதுவும் ஆகவில்லை."

"சரி. அதனால் உனக்குள் என்ன மாறியது? கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் எதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும், கோமதி. இல்லாவிட்டால் பாதிப் படியில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும்."

நாங்கள் இருபத்தாறு வருடமாக அந்தப் பாதிப் படியில்தான் நிற்கிறோம் என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

என் ஆங்கிலத்தைச் சரிசெய்ய நவீனைக் கூப்பிட்டேன். ஒரே பையன். எட்டு வயதில் இங்கே வந்தான். இப்போது பள்ளிக்கூடம் முடியப்போகிறது. நான் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். அன்றைக்கு அடுப்படியில் நான் வெண்டைக்காய் நறுக்க, அவன் எதிரே உட்கார்ந்து கேட்டான். கால்தடம் வந்த இடத்தில் கையில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அம்மா, நிஜமா எனக்கு ஒரு மாமா இருக்காரா?"

"ஒனக்குத் தெரியும்லடே."

"ஊர்ல இல்லைன்னுதான் சொன்னீங்க. அதுக்கு இதுதான் அர்த்தம்னு தெரியாது."

அதற்கப்புறம் ரெண்டு வாரம் அவன் என்னோடு பேசிய மாதிரி அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசவில்லை. வார்த்தை வார்த்தையாகத் திருத்தினான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மெதுவாகப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். நிறைய வெட்டினான். அண்ணனின் உயரம், நிறம், இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு எல்லாம் போயிற்று.

"இது போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்மா. இது வேணாம்."

முடிவையும் அவன்தான் கொடுத்தான். 'எந்த ஊரில் எந்தக் கூட்டத்தில் நின்றாலும் நான் இன்னும் என் அண்ணன் முகத்தைத் தேடுகிறேன்.'

"நான் அப்படித் தேடுறதில்லையேடே."

"சொன்னா நல்லாருக்கும்மா. எல்லாருக்கும் புரியும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். எனக்காக அவ்வளவு யோசித்திருந்தான். சரி என்றேன்.

4

எனக்கு முன்னால் ஒரு மீனவர் படகிலிருந்து விழுந்து பிழைத்த கதையைச் சொன்னார். ஒரு பெண் விவாகரத்தின்போது நாயை யார் வைத்துக்கொள்வது என்று நடந்த வழக்கைச் சொன்னாள். ஜனங்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பிறகு மொய்ரா என் பெயரைச் சொன்னாள். கோமதி என்பதை இங்கே எல்லோரும் 'கொமாட்டி' என்றுதான் சொல்வார்கள். அவள் மட்டும் சரியாகச் சொல்லப் பழகியிருந்தாள்.

ஆரம்பத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கம்மங்கூழை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கஞ்சி என்று சொன்னேன். அவர்களுக்கும் கஞ்சி தெரியும், ஓட்ஸில் காய்ச்சுவார்கள். அது அவர்களுக்குப் பிடித்துப்போனது. கால்தடத்தைச் சொன்னபோது கீழே கடையில் கண்ணாடிக் கோப்பை வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மணியாச்சி பிளாட்பாரத்தைச் சொன்னேன். கடைசியில் நவீன் கொடுத்த வரியைச் சொன்னேன். சொல்லும்போதே அது என் வாய்க்குப் பொருந்தாத பல் செட்டு மாதிரி இருந்தது. ஆனால் அதற்குத்தான் கைதட்டினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள்.

இறங்கி வந்ததும் ஒரு வயதானவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் தம்பி ரெண்டு தெரு தள்ளி இருக்கிறான். பேசிப் பல வருடமாகிறது" என்றார். போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, முடியாது என்றா என்று எனக்குத் தெரியவில்லை.

நவீன் என்னைக் கட்டிக்கொண்டான். அவன் என்னை விட உயரமாகிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். முழுவதையும் போனில் படம் பிடித்திருந்தான். "அம்மா, யூ வேர் அமேஸிங்" என்றான். அன்றைக்கே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டான். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் யார் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஒரு மாடி நிறையப் பேருக்குத் தெரிந்தது. கடையில் ரொட்டி வாங்கப் போனால்கூட யாராவது நின்று, "உங்கள் அண்ணன் கதையைக் கேட்டேன்" என்றார்கள். ஒரு வாரம் அப்படிப் போனது.

5

அம்மா இப்போது கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். தனியாகத்தான். நான் எவ்வளவோ சொல்லியும், இங்கே வந்து இருக்க முடியாது என்றுவிட்டாள். ஊரில் இருந்த வீட்டை விட்டு டவுனுக்கு வந்ததற்கு அவள் சொன்ன காரணம், அண்ணன் எந்த ஊரிலிருந்து வந்தாலும் கோவில்பட்டியில் இறங்கித்தானே ஆக வேண்டும் என்பது. பக்கத்து வீட்டு ஜெயா நல்ல பெண். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மாவை ஒரு எட்டு வந்து பார்ப்பாள். அம்மாவுக்காக அவளையும் வாட்ஸப் குரூப்பில் சேர்த்திருந்தோம். வீடியோவைக் காட்டியது அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி கோமதி, ஒன்னய ஜெயா போன்ல பாத்தேன். நல்லா நிமிந்து நின்னு பேசுத. சீல கட்டியிருக்கலாம்ல."

"குளிரும்மா இங்க."

"நீ பேசுனது எனக்கு என்ன வெளங்குது. மாரின்னு சொன்னே, மணியாச்சின்னு சொன்னே, அது ரெண்டுதான் வெளங்குச்சு. அவனப் பத்தித்தான் பேசுதேன்னு தெரிஞ்சுக்கிட்டேன்." பிறகு கேட்டாள்: "அம்புட்டுப் பேரு உக்காந்திருந்தாவளே. யாராச்சும் பாத்தேன்னு சொன்னாவளா?"

எனக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்தபோது அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இல்லம்மா."

"நல்லாக் கேட்டியா?"

"இல்லம்மா, அவிய சும்மா கேக்க வந்தவிய."

"கேக்க வந்தவியகிட்டதானட்டி சொல்லணும். கேக்காதவியகிட்டச் சொல்லி என்ன செய்ய? அடையாளம் சொன்னியா? எடது புருவத்துல வெட்டு இருக்கும்லா, அதச் சொன்னியா?"

"சொல்லலம்மா."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. திட்டவில்லை. ரொம்பச் சோர்வாகத்தான் கேட்டாள். "அதச் சொல்லாம வேற என்னத்தட்டி அம்புட்டு நேரமும் சொன்னே?"

அண்ணன் போன பிறகு நாலைந்து வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். தீப்பெட்டி ஆபீஸுக்கு அன்றைக்குத்தான் லீவு. ஒரு வாரம் தூத்துக்குடி, ஒரு வாரம் திருநெல்வேலி, ஒரு வாரம் சாத்தூர், கையில் காசு இருந்தால் மதுரை. பஸ் ஸ்டாண்டில் இறங்குவோம். கண்டக்டர்கள், பரோட்டாக் கடைக்காரர்கள், லாட்ஜ் வாசலில் இருப்பவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். யாரைப் பார்த்தாலும் சொல்வாள். நான் போட்டோவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பள்ளிக்கூடத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவன் தலையை மட்டும் பெரிதாக்கியது. மங்கலாக இருக்கும். புருவத்து வெட்டு அதில் தெரியாது. அதனால்தான் அதை வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

ஆரம்பத்தில் அவள் சொல்லத் தொடங்கினாலே அழுகை வந்துவிடும். ஒரு நாள் திருநெல்வேலி ஜங்ஷனில் பெரிய மனுஷன் போல இருந்த ஒருவர், பாதிக் கதையிலேயே அவள் கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னிடம் சொன்னாள்:

"அழுதா துட்டு குடுக்காவ. துட்டக் குடுத்துட்டா அதோட பேச்ச முடிச்சுக்கிடுதாவ. இனி அழக் கூடாதுட்டி."

அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் அழுது நான் பார்க்கவில்லை. சொல்வதைச் சுருக்கினாள். ஆள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட வேண்டும். முதலில் புருவம். அப்புறம் உயரம். அப்புறம் நடக்கும்போது தலை கொஞ்சம் வலப்பக்கம் சாயும் என்பது. பேர் கடைசியில்தான், பேரை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்பதால். மழை, விதைப்பு, கால்தடம் எதையும் சொல்ல மாட்டாள். அவை யாருக்கும் உதவாது. சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவரின் முகத்தை அப்படியே பார்ப்பாள். அவர் இல்லை என்று சொல்லும்வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

தூத்துக்குடியில் ஒருவர் மட்டும், அப்படி ஒரு பையன் உப்பளத்தில் மூட்டை தூக்கினான், பம்பாய்ப் பக்கம் போவதாகச் சொன்னான் என்றார். அப்பா பம்பாய் போனார். காய்ச்சலோடு திரும்பி வந்தார். அங்கே என்ன பார்த்தார் என்று சாகும்வரை எங்களிடம் சொல்லவில்லை.

இதெல்லாம் எனக்கு மறந்துபோனதில்லை. ஆனால் மொய்ரா அண்ணனின் கதையைக் கேட்டபோது, என் மனசில் இது வரவேயில்லை. கால்தடம்தான் வந்தது.

6

மறுபடியும் சொல்ல வேண்டும் என்று மொய்ராவிடம் கேட்டேன். அதே கதையா என்று யோசித்தாள். இல்லை, வேறு என்றேன். சரி என்றாள்.

நவீனிடம் என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். 

"ப்ளீஸ்மா, வேணாம். அவங்களால என்ன செய்ய முடியும்? இந்த ஊர்ல அவரை யாரு பார்த்திருப்பா? எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆயிடும்."

"ஒங்க ஆச்சி கேக்காளேடே. நான் என்ன சொல்ல?"

"கேட்டேன்னு சொல்லிடுங்க. அவங்களுக்குத் தெரியவா போகுது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவன் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். நான் சேலை கட்டி, மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். ஜெயாவிடம் அந்தப் போட்டோவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, ஒரு கடையில் கொடுத்துத் தாளில் எடுத்து வைத்திருந்தேன்.

மாடியில் அதே மாதிரிக் கூட்டம். போன முறை வந்தவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். இடது புருவத்தின் நடுவில் குறுக்காக ஒரு வெட்டு இருக்கும். சின்ன வயதில் கலப்பை முனையில் விழுந்தது. மாநிறம். நடக்கும்போது தலை வலப்பக்கம் சாயும். மாரிச்சாமி என்று பேர். வேறு பேரும் சொல்லியிருக்கலாம். பிறகு கேட்டேன்: "உங்களில் யாராவது அவனைப் பார்த்திருக்கிறீர்களா?"

பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அடுத்து வேடிக்கையாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். நான் அங்கேயே நின்றேன். சிரிப்பு நின்றது. போட்டோவை முதல் வரிசையில் கொடுத்தேன். அவர்கள் வாங்கிப் பார்த்துப் பக்கத்தில் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். ஒருவர்கூடப் பார்க்காமல் தள்ளிவிடவில்லை. ஒவ்வொருவராகத் தலையை அசைத்தார்கள். மொய்ரா மணியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் இருந்தாள்.

கடைசி வரிசையில் இருந்த ஒருவர் போட்டோவை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சரக்குக் கப்பல்களில் முப்பது வருடம் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில், என்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் நம்பினேன்.

"உங்கள் பக்கத்து ஆட்கள் நிறையப் பேரோடு வேலை செய்திருக்கிறேன்" என்றார். "நன்றாக யோசித்துப் பார்த்தேன். இல்லை அம்மா. மன்னியுங்கள்."

நன்றி என்று சொல்லி இறங்கினேன். யாரும் கை தட்டவில்லை. கை தட்டும் இடம் அது இல்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அடுத்துப் பேச வேண்டிய பையன் எழுந்திருக்கத் தயங்கினான்.

எல்லோரும் போன பிறகு மொய்ரா என்னைத் தேடி வந்தாள். கண் சிவந்திருந்தது. "நீ இன்றைக்குச் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன், கோமதி. ஆனால் இங்கே வருகிறவர்கள் வாரம் முழுக்க உழைத்துவிட்டு வருகிறார்கள். அவர்களால் எதுவும் செய்ய முடியாத ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன செய்வார்கள்? கொஞ்ச நாள் மற்றவர்கள் பேசட்டும். சரியா?"

சரி என்றேன். அவள் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். துறைமுகத்தில் காற்று முகத்தை அறுத்தது. வீட்டுக்கு வந்தபோது நவீன் எனக்கு முன்பே வந்து சோபாவில் படுத்திருந்தான். காதில் மாட்டியிருந்ததை எடுக்காமலே என்னைப் பார்த்தான். எப்படி இருந்தது என்று கேட்பான் என்று கோட்டைக் கழற்றாமல் கொஞ்சம் நின்றேன். அவன் போனைப் பார்க்கத் திரும்பிவிட்டான். வருகிற புரட்டாசியில் அவன் படிக்கக் கிளம்புகிறான். ரயிலில் போனால் அரை நாள் தூரத்தில் இருக்கிற ஊர்.

மறுநாள் காலையில் அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொன்னியாட்டி?"

"சொன்னேம்மா. மொதல்ல புருவத்தச் சொன்னேன். போட்டோவக் காட்டுனேன்."

"யாரும் பாக்கலையாக்கும்."

"இல்லம்மா. கப்பல்ல வேல பாத்தவரு ஒருத்தரு ரொம்ப நேரம் பாத்தாரு. இல்லன்னுட்டாரு."

"நல்ல மனுசன். பாத்துட்டுச் சொல்லியிருக்காரு." மூச்சு வாங்கினாள். இப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்ந்து பேசினால் அவளுக்கு இரைக்கிறது. "அடுத்த மட்டம் வேற ஆளுவ வருவாவளா?"

மொய்ரா சொன்னதை நான் எப்படிச் சொல்ல?

"வருவாவம்மா."

"ராத்திரி நெனச்சுக்கிட்டே கெடந்தேன். அந்தப் போட்டோவுல அவனுக்குப் பதினேழு வயசு. அதயே காட்டிக்கிட்டிருந்தா எப்படிட்டி கண்டுபிடிப்பாவ? இப்ப நாப்பத்தஞ்சு ஆவுதுல்லா. ஒங்கப்பாவுக்கு அந்த வயசுல முன்னால முடி ஏறிப்போச்சு. காதோரம் நல்லா நரைச்சிருச்சு. இவனும் அந்தச் சாடைதான இருப்பான். அதயும் சேத்துச் சொல்லு."

"சொல்லுதேம்மா" என்றேன்.